மகள் கொஞ்சம் இளைத்தபோது

போன சனிக்கிழமை மாலை, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனேன். நனைந்த சாக்குகளோடு வரிசையில் நின்ற பெண்களுக்கு முன்னால், இத்தனை வயது வரை வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொன்னேன்.

சொல்லி முடித்ததும் யாரோ சிரித்தார்கள். திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். திட்ட வேண்டியதைத்தான் செய்திருந்தேன்.

என்ன செய்தேன்? சொல்கிறேன்.

நான் கொஸ்லந்தைக்கு மேலே, ஒரு தோட்டத்தின் ஓரத்தில் குடியிருப்பவன், பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். என்னோடு இருப்பது மகள் மஞ்சுளா. ஐம்பதை நெருங்குகிறாள். கணவருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். பின்னேரம் நான்கு மணியானால், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் எங்கள் முன் அறையை நிறைத்துவிடுவார்கள். மஞ்சுளா அவர்களுக்குக் கணக்கும் இங்கிலிஷும் சொல்லிக்கொடுப்பாள். அந்த நேரத்தில் அவள் குரல் ஒரு படி உயர்ந்து, இளமையாகிவிடும். உள் அறையில் அரைத்தூக்கத்தில் படுத்தபடி, வாய்ப்பாடா தாலாட்டா என்று தெரியாமல் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு ஒரு சுகம்.

எங்கள் பக்கத்து மூடுபனி மேலேயிருந்து இறங்குவதில்லை. கீழே சமவெளியிலிருந்து ஏறி வரும். முதலில் வளைவு ரோடு காணாமல் போகும், பிறகு கோயில், பிறகு லயங்களின் தகரக் கூரைகள் ஒவ்வொன்றாக... கடைசியில் நம் வீடு மட்டும் மேகத்தில் மிதக்கிற மாதிரி இருக்கும். இந்த வருடத் தொடக்கத்திலிருந்து மஞ்சுளா விடியற்காலையில் அந்தப் பனிக்குள் நடக்கப் போனாள். ஜன்னலருகே உட்கார்ந்து பார்ப்பேன். அவளுடைய மஞ்சள் சால்வை கொஞ்ச தூரம் தெரியும். பிறகு கரைந்துவிடும்.

சால்வை தோளில் இருக்காது... கையில் இருக்கும். எல்லோரும் சுவெட்டருக்குள் சுருங்கிக் கிடக்கிற அந்தக் குளிரில், என் மகளுக்குச் சால்வை வேண்டியிருக்கவில்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டாமா?

நான் கவனித்தது வேறு. காலையில் கொடியில் தலையணை உறைகள் காய்ந்தன. தினமும் துவைக்கிறாளே, ஏன்? ரொட்டி இரண்டிலிருந்து ஒன்றானது. தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்றாள். கன்னம் கொஞ்சம் வற்றியது. கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. சிரித்துக்கொண்டே திரிந்தாள். என் கண்ணுக்கு அந்தச் சிரிப்பும் எதையோ மறைக்கிற சிரிப்பாகவே பட்டது.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். லயத்தில், ஒற்றைக் காம்பராவில் நாங்கள் அத்தனை பேரும் வாழ்ந்த காலம். அவளும் இளைத்தாள். அவளுக்கும் தலையணை வேர்வையில் நனைந்தது. அவளுக்கென்று ஒரு தகரக் கோப்பையை ஒதுக்கி, வாசல் பக்கச் சுவரில் தனி ஆணியில் மாட்டினார்கள். காச நோய் என்று யாரும் பெயர் சொல்லவில்லை. கோப்பை தனி ஆணிக்குப் போனதைப் பார்த்தே லயம் முழுக்க விளங்கிக்கொண்டது. தோட்டத்தில் அந்தக் காலத்து வீடுகளில் அதுதான் வழக்கம். அக்கா போன பிறகும் அந்த ஆணியில் எதையும் மாட்டவில்லை.

அந்த நோய்க்கு இப்போது மருந்து இருக்கிறது. குணமாகிறது. இதைப் பாடசாலைக் காலைக் கூட்டத்தில் மேடையேறி நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் பயம் வந்தபோது அதிபர் வரவில்லை. லயத்து வாசலில் நின்ற அக்காவின் தம்பிதான் வந்தான்.

மகளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. அவளுடைய கோப்பையை மட்டும், கழுவியதும் மற்றக் கோப்பைகளோடு சேர்க்காமல், ஜன்னல் ஓரமாகத் தனியே கவிழ்த்து வைக்கத் தொடங்கினேன். இருமல் கேட்கிறதா என்று காது கொடுத்தேன். கேட்கவில்லை. சரி... தலையணையில் வாயைப் புதைத்து இருமுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். முடிவு கட்டிய பிறகு, இல்லாத இருமலும் அதற்குச் சாட்சியாகிவிடுகிறது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை.

பார்வதி எங்களுக்குப் பால் கொண்டுவருகிறவள். முன்பு கொழுந்து பறித்தவள். இப்போது இரண்டு மாடுகளோடு இருக்கிறாள். ஒரு காலையில் பாலை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க சேர், டீச்சர் எளைச்சுக்கிட்டே போறாங்க? வீட்டுல சோறு போடுறது இல்லியா?"

கேலிதான். நான் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். குரலைத் தாழ்த்தி, "நெஞ்சுல ஏதோ இருக்கும்போல பார்வதி. பழைய சீக்கு மாதிரி தெரியுது. ஒருத்தர்கிட்டயும் சொல்லிறாத" என்றேன்.

அவள் கண் ஜன்னல் ஓரத்துக் கோப்பைக்குப் போனது.  பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போனாள்.

ஒருத்தரிடமும் சொல்லாதே என்று சொன்னால் அது எங்கே போகும்? நேரே தண்ணீர்ப் பீலிக்குப் போகும். அங்கே குடம் நிறைவதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

பிள்ளைகள் குறைய ஆரம்பித்தார்கள். முதலில் சின்னவர்கள். பிறகு பெரியவர்கள். மஞ்சுளா வழியில் தாய்மாரைப் பார்த்துக் கேட்டாள். ஒருத்தி பிள்ளைக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்றாள். ஒருத்தி மாமியார் வீட்டுக்கு வெலிமடைக்கு அனுப்பியிருக்கிறேன் என்றாள். பேசும்போது இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்களாம்.

"என்னப்பா, நான் சொல்லிக்குடுக்கிறது சரியில்லியா?" என்று என்னிடமே கேட்டாள்.

காரணம் எனக்குத் தெரியும். "பரீட்சை முடிஞ்சா அப்பிடித்தாம்மா" என்றேன். மனதின் ஒரு மூலையில், பாவம், ஓய்வு கிடைக்கட்டும் என்றுகூட நினைத்தேன். இந்தப் பத்தியில் எழுதவே கை கூசுவது இந்த இடத்தில்தான்.

போன வியாழக்கிழமை ஒரு பிள்ளைகூட வரவில்லை. நான்கு மணிக்கு வீடு அப்படி அமைதியாக இருந்ததில்லை. பனி ஜன்னல் வழியாக முன் அறைக்கே வந்து, பிள்ளைகள் உட்காரும் காலி வாங்குகளின் மேல் உட்கார்ந்திருந்தது. கனவா, விழிப்பா என்று தெரியாமல் எழுந்து சமையலறைக்குப் போனேன். மஞ்சுளா அங்கே நின்றிருந்தாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். கையில் அந்தக் கோப்பை.

"பீலியில ஒரு சின்னப் புள்ள கேட்டுச்சுப்பா. 'டீச்சர், ஒங்க கோப்ப தனியாமே?'னு."

கோப்பை இருந்த ஜன்னல் ஓரத்தைப் பார்த்தேன்.

"எனக்கு என்ன சீக்குன்னு நெனைச்சீங்க?"

"நீ எளைக்கிற... ராவுல வேர்க்குது... அக்காவுக்கும்..."

முதலில் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். பிறகு சிரிப்பு எங்கோ உடைந்தது.

"அய்யோ அப்பா! எனக்கு அது நிக்கப்போற வயசுப்பா. ஒரு மாசம் வரும், ரெண்டு மாசம் வராது. திடீர்னு ஒடம்பெல்லாம் நெருப்பு. தூக்கம் இல்ல. திங்கிறது அதேதான், இடுப்பு மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. முழங்கால் வலி வேற. துணி வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் பதுளைக்குப் போனேனே, டாக்டரம்மாவப் பாக்கத்தான் போனேன். ரத்தமெல்லாம் செக் பண்ணிட்டாங்க. ஒரு சீக்கும் இல்ல, ஹார்மோன் மாறுது, நடங்க, கொஞ்சம் ஒடம்பக் கொறைங்கன்னாங்க. கொறைச்சேன். கொஞ்சந்தான் கொறைச்சேன். அது ஒரு குத்தமா?"

"நீ சொல்லியிருக்கலாமே..."

"அப்பாகிட்ட இத எப்பிடிப்பா சொல்றது?"

மகளிடம் இதை எப்படிக் கேட்பது?  ஒரே கூரையின் கீழ் இருவர், ஆளுக்கொரு வெட்கத்தைப் பிடித்துக்கொண்டு...

"இந்த ஜாக்கெட்டப் பாருங்க" என்றாள். "எத்தனையோ வருசமா அலுமாரியில கெடந்திச்சு. இந்தக் கெழமதான் கொக்கி மாட்டுச்சு. யாருகிட்டயாவது காட்டணும்னு அவ்வளவு ஆசை. இந்த வீட்டுல நான் எளைச்சதக் கண்ட ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்க கண்டது சீக்க."

அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கி, மற்றக் கோப்பைகளோடு சேர்த்து வைத்தேன். 

"நானே போய்ச் சொன்னா நம்ப மாட்டாங்க. மறைக்கிறேம்பாங்க. இந்த ஊருல எனக்குன்னு இருக்கிறது அந்த நாலு மணிதாம்ப்பா. நீங்க பரப்புனத நீங்களே போய் அள்ளிட்டு வாங்க."

"இதையா? பொம்பளைங்ககிட்டயா?"

"சீக்குன்னு சொல்லும்போது வெக்கமா இருந்துச்சா?"

அதனால்தான் சனிக்கிழமை மடுவத்துக்குப் போனேன். நிறுவை முடியும் நேரம். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்குகளிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. பச்சை இலை வாசனையும் ஈரத்துணி வாசனையும் சேர்ந்து ஏதோ பழைய உலகத்துக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. பால் கொடுத்துவிட்டு வந்த பார்வதியும் அங்கே நின்றாள். பலமுறை தொண்டையைக் கனைத்தேன்.

"எல்லாருக்கும் ஒரு விஷயம். என் மகளுக்கு நோய் எதுவும் கிடையாது. பதுளையில் சோதித்துப் பார்த்தாயிற்று. அவளுக்கு... மாதவிடாய் நிற்கின்ற பருவம். அந்த வேர்வை அதனால். இளைத்தது அவளாக முயன்று இளைத்தது. நோய் என்று நினைத்தது நான். சொன்னதும் நான். பிழை முழுக்க என்னுடையது."

மேடைத் தமிழில்தான் வந்தது. வேறு தமிழில் இதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

 பிறகு பின்வரிசையிலிருந்துதான் அந்தச் சிரிப்பு.

"அட, இதுக்கா சேர் இம்புட்டு நேரம் கனைச்சீங்க?" ராணி. அவள் மகள் எங்கள் வகுப்பில் படிப்பவள். "எனக்கும் அதானே! நடு மலையில நிக்கிறேன், திடீர்னு அடுப்புக்குள்ள எறங்குன மாதிரி ஆயிரும். என்ன புள்ள மொகமெல்லாம் வேர்வைன்னு கங்காணி கேட்டாரு. வெயிலுங்கன்னேன்."

"அன்னைக்கி மழ பேஞ்சுகிட்டு இருந்துச்சுல்ல?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"அதான! அவரும் ஆமா ஆமான்னுட்டுப் போயிட்டாரு!"

வரிசை முழுக்கச் சிரித்தது. கணக்கப்பிள்ளை மட்டும் தராசின் முள்ளை மிகவும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

பார்வதி சிரிக்கவில்லை. கிட்டே வந்தாள். "படிச்ச மனுசன் சொல்றீங்களேன்னுதான் சேர் நான் நம்புனேன்" என்றாள். அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் அறைந்திருந்தால் இதைவிட லேசாக இருந்திருக்கும்.

திரும்பி ஏறும்போது பனியும் என்னோடு ஏறியது. அந்த வெள்ளைக்குள் நடந்தபடி என் மனைவியை நினைத்தேன். அவள் போய்ப் பல வருடங்கள். மஞ்சுளாவின் இந்த வயதில் அவள் அடுப்படி ஜன்னலைத் திறந்து வைப்பாள். குளிர் அடிக்கிறது என்று நான் மூடுவேன். மறுபடி திறப்பாள், மறுபடி மூடுவேன். ஏன் திறக்கிறாய் என்று நான் கேட்டதாக நினைவில்லை. அவளுக்கும் வேர்த்ததா? தூக்கம் வரவில்லையா? தெரியாது. அவளோடு அத்தனை வருடம் வாழ்ந்தவனுக்குத் தெரியாது.

நம்மிடம் பெண்களின் உடம்பைப் பற்றிப் பேச இரண்டே வாக்கியங்கள்தான் இருக்கின்றன — 'ஒடம்பு போட்டுட்டியே', 'எளைச்சுப் போயிட்டியே'. முதலாவதைக் கேலியாகச் சொல்கிறோம். இரண்டாவதைத் துக்கம் விசாரிப்பது போலச் சொல்கிறோம். 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறோமா?

திங்கட்கிழமை நான்கு மணிக்கு ராணியின் மகள் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். எல்லோரும் வரவில்லை. முன் வரிசை வாங்கில் இன்னும் இடம் காலியாக இருக்கிறது. இரண்டு மூன்று வீடுகளில் என் முதல் பேச்சை நம்பிய அளவுக்கு இரண்டாவதை நம்பவில்லை. அந்த வீடுகளின் படியேறித் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லச் சொல்ல, மேடைத் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகிறது.

மஞ்சுளா பேசுகிறாள். ஆனால் பழையபடி இல்லை. பேச்சின் நடுவில் சில நேரம் நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறாள், இதிலிருந்து என்ன கதை கட்டப் போகிறேனோ என்று.

நேற்று, இதைப் பத்தியில் எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்:

"எழுதுங்க. எத்தன கிலோ கொறைஞ்சேன்னு யாராச்சும் கேட்டா, ரெண்டு மூணு கூட்டியே சொல்லுங்கப்பா... இல்லாததச் சொல்றது ஒங்களுக்கு ஒண்ணும் புதுசில்லியே."