உள்ளங்கால் மருதாணி

சுந்தரியின் புருஷன் வெற்றிச்செல்வன் டிராக்டரோடு வாய்க்காலில் கவிழ்ந்து செத்துப்போன வருஷம், அந்த வீட்டில் எந்தப் பண்டிகையும் கிடையாது. ஆடி பிறந்தது. பாபநாசத்துப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் எல்லாம் கை சிவக்க வந்தார்கள். அவள் மகள் அபிநயா மட்டும் வெறுங்கையைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தாள். துக்க வீட்டுப் பிள்ளை கையில் சிவப்பு தெரிந்தால் ஊர் சும்மா இருக்காது.

பக்கத்து வீட்டு கமருன்னிஸா இதைப் பார்த்தாள். சாயங்காலம், "அம்மியில இலை ஜாஸ்தியா விழுந்துடுச்சு, வீணாப் போகுது" என்று கொல்லைப்புறமாகப் பிள்ளையை அழைத்துப் போனாள். உள்ளங்கால் இரண்டிலும் வட்டமாக மருதாணியை அப்பி, மேலே பூவரசு இலை வைத்து, நூலால் கட்டி, தூக்கிக்கொண்டு வந்து பாயில் படுக்க வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் பிள்ளை செருப்புக்குள் சிவப்பை வைத்துக்கொண்டு சிரித்தபடி பள்ளிக்கூடம் போனது.

பிற்பாடுதான் சுந்தரிக்கு ஒரு விஷயம் தெரிந்தது. கமருன்னிஸா வீட்டில் காலுக்கு மருதாணி வைக்கவே மாட்டார்கள். நபி தாடிக்குப் பூசியது, அதைக் காலில் வைத்து மிதிப்பதா என்று அவர்கள் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அவள் மனசை எப்படிச் சமாதானம் செய்துகொண்டாளோ, அது அவளுக்கும் படைத்தவனுக்கும்தான் தெரியும்.

கமருன்னிஸாவின் புருஷன் ஜெக்கரியா கடைத்தெருவில் சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். ஒரே மகன் நௌஷாத் கத்தாரில் வேலை பார்த்தான். வீட்டில் ஆள் இல்லாத குறையை அவள் கைகள் தீர்த்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் வடகம் பிழிவாள். நோன்பு மாதத்தில் இஃப்தார் கஞ்சி ஒரு தூக்கு சுந்தரி வீட்டுக்கும் வரும். சுந்தரி தைக்கும் ஜாக்கெட்டுகளில் மிச்சமாகும் துண்டுத் துணிகளை வாங்கி வந்து ஒட்டுப்போட்டு, தொட்டில் பிள்ளைகளுக்கு விரிப்பு தைப்பாள். ஆடிப் பதினெட்டுக்குத் தெருப் பையன்கள் இழுக்கும் சப்பரத்துக்கு மைதா பசை காய்ச்சிக் கலர் காகிதம் ஒட்டித் தருவாள். "நம்ம ஆளுங்க பார்த்தா என்ன சொல்லுவாங்க" என்று ஜெக்கரியா முணுமுணுத்தால், "பசைதானே காய்ச்சினேன், பூசையா பண்ணினேன்?" என்பாள்.

ஆனால் அவள் பேர் சொன்னது மருதாணிதான். கொல்லையில் கிணற்றடியில் மரம். இலையைக் காம்பு போகக் கிள்ளி, கொட்டைப்பாக்கும் புளியும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அம்மியில் மை போல அரைப்பாள். பெருநாளைக்கு முந்தின ராத்திரியும் ஆடி மாசத்திலும் தெருவே அவள் முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வைத்துவிடுகிற அவளுக்கு மட்டும் வலது கையில் இரண்டு விரல் நுனி சிவக்கும், அவ்வளவுதான்.

சுந்தரி அந்த வரிசையில் உட்கார்ந்ததே இல்லை. தாலி இழந்தவளுக்கு எதற்கு என்று அவளே ஒதுங்கிக்கொண்டாள். கமருன்னிஸா வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் கடைசியாக அவளுக்கென்று ஓர் உருண்டையைத் தட்டில் வைத்திருப்பாள். பேச்சுத் துணைக்கு உட்கார்ந்திருக்கும் சுந்தரி எழுந்து போன பிறகுதான் அதைக் குப்பையில் போடுவாள்.

போன தை மாதத்திலிருந்து கமருன்னிஸாவுக்கு மூச்சு வாங்கியது. கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் இரண்டு தரம் உட்கார்ந்தாள். இதயத்தில் வால்வு சுருங்கிவிட்டது, ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். செய்தாலும் பயம்தான் என்றும் சொன்னார். ஆடிப் பதினெட்டு கழிந்த இரண்டாம் நாள் வரச் சொன்னார்கள். நௌஷாத்துக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோவில் அழுதான்.

புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம், கும்பகோணத்தில் காலேஜ் படிக்கும் அபிநயா ஒரு முடிவோடு வந்தாள்.

"பெரியம்மா, ஊருக்கெல்லாம் வச்சுவிட்டீங்க. உங்க கை என்னைக்காவது செவந்திருக்கா? இன்னைக்கு நான் வச்சுவிடுறேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போற கைக்கு மருதாணியாடி?"

ஜெக்கரியா பையில் துணி அடுக்கிக்கொண்டே, "ஆபரேஷனுக்குப் போறாளா, நிக்காஹுக்குப் போறாளா?" என்றார்.

"உங்க நிக்காஹுக்கு வச்சதே சரியா செவக்கல. இதாவது செவக்கட்டும். வைடி, அபி" என்று கமருன்னிஸா கையை நீட்டினாள்.

அபிநயா அரைத்தாள், வைத்தாள். விரல்களுக்குத் தொப்பி, உள்ளங்கையில் வட்டம். சுந்தரி ஊட்டிவிட்ட சோற்றைக் கமருன்னிஸா சின்னப் பிள்ளை மாதிரி வாய் திறந்து வாங்கிக்கொண்டாள். ரசத்தில் உப்பு குறைவு என்று குற்றமும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்தக் கையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "என்னம்மா இது! விரல்லதான் ஆக்ஸிஜன் பாக்குற மிஷின் மாட்டணும். செவப்பா இருந்தா சரியாக் காட்டாதுன்னு டாக்டர் திட்டுவாரு. யாரு வச்சுவிட்டது?"

துணைக்குப் போயிருந்த சுந்தரி, நர்ஸ் கொடுத்த ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி நகத்தைத் தேய்த்தாள். சோப்புப் போட்டாள். எலுமிச்சம்பழம் வாங்கி வந்து தேய்த்தாள். மருதாணி இரண்டாம் நாள்தானே நன்றாகப் பிடிக்கும். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு கூடிக்கொண்டே போனது. அம்மா தாயே, புன்னைநல்லூர் மாரியம்மா, இந்த ஒரு நகத்தை மட்டும் வெளுக்க வைத்துவிடு என்று வேண்டிக்கொண்டே தேய்த்தாள். அம்மன் காதில் விழவில்லை.

"விடுடி, தோலை உரிச்சிடாத" என்றாள் கமருன்னிஸா. பிறகு நர்ஸிடம், "தங்கச்சி, கால் விரல்ல மாட்டக் கூடாதா? நாங்க கால்ல வைக்க மாட்டோம். வெறுங்காலுதான்" என்றாள்.

நர்ஸ் போர்வையை விலக்கிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். கால் பெருவிரலில் மாட்டினாள். மிஷினில் நம்பர் ஓடியது. சுந்தரிக்கு உயிர் வந்தது.

மறுநாள் காலை தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜெக்கரியா அவள் நெற்றியில் கை வைத்து ஓதி ஊதினார். கமருன்னிஸா சுந்தரியைக் குனியச் சொல்லிக் காதில் ஏதோ சொன்னாள். சுந்தரி, "சரிக்கா, சரிக்கா, போயிட்டு வாங்க" என்றாள். கதவு மூடியது.

வெளியே இரும்பு பெஞ்சில் ஜெக்கரியா தஸ்பீஹ் மணியை உருட்டினார். சுந்தரிக்கு அவர்கள் ஓதுவது தெரியாது. தனக்குத் தெரிந்த சாமிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். வேறென்ன செய்ய முடியும்? உள்ளே போக முடியாது, கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. மத்தியானம் டாக்டர் வந்தார். வால்வு பொருத்தியாகிவிட்டது, ஆனால் இதயம் தானாகத் துடிக்கச் சிரமப்படுகிறது, பார்ப்போம் என்றார். அந்தப் "பார்ப்போம்" மறுநாள் விடியற்காலையில் முடிந்துபோனது.

அன்றைக்கே பாபநாசத்தில் அடக்கம். உடலைக் குளிப்பாட்டிய பக்கத்துத் தெரு ஹபீபுன்னிசா வெளியே வந்து, "கை என்னா செவப்பு சுந்தரி, புதுப்பொண்ணு மாதிரி" என்று சொல்லி அழுதாள். அபிநயா தூணோடு சாய்ந்து நின்றாள்.

"நான் வச்சுவிட்டதாலயாம்மா?"

"இல்லடி. டாக்டரே சொன்னாரு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு."

சொன்னாளே தவிர, தன் கையைப் பிள்ளை தலையில் வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் கையில் ஸ்பிரிட் வாடை இன்னும் போகவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும், ஜெக்கரியா வேலியோரம் வந்து நின்றார். "மரம் காடாக் கிடக்குதும்மா. பாக்க முடியல. இலைய நீயே கிள்ளிக்க."

சுந்தரி கிள்ளி வந்து அரைத்தாள். அக்காவின் பக்குவம் வரவில்லை, கொரகொரவென்று இருந்தது. அபிநயா முதலில் கையை நீட்ட மாட்டேன் என்றாள், பிறகு நீட்டினாள். வைத்து முடித்ததும் தட்டில் ஓர் உருண்டை மிச்சமிருந்தது. பிள்ளை தூங்கப் போய்விட்டது. சுந்தரி தட்டைப் பார்த்தபடி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். குப்பையில் போட எழுந்தவள், எழுந்த மாதிரியே மறுபடி உட்கார்ந்தாள்.

தியேட்டர் வாசலில் கமருன்னிஸா அவள் காதில் சொன்னது இதுதான்: "நீயும் ஒரு தடவ வச்சுக்கடி. உள்ளங்கால்ல வச்சுக்க. யாரு பாக்கப் போறா?"