கொத்தாமல் சாப்பிட்டது

பல்லரோச் சந்தைக்குப் பின்பக்கம் ஒரு ஜப்பான்காரி சாப்பாட்டுக்கடை திறந்திருக்கிறாள், இரும்புத்தட்டுக்குப் பின்னால் நின்று சமைக்க ஆள் தேடுகிறாள் என்று மனைவிதான் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். இத்தாலியில் இந்தப் பலேர்மோவுக்கு வந்த நாளிலிருந்து அடுத்தவர் வீட்டுப் படிக்கட்டுகளைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் கொத்துரொட்டிக் கடையில் நின்றவன். இந்த வேலையை எப்படியும் பிடித்துவிடுவது என்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, அங்கை போய் வாயைத் திறந்து கதையுங்கோ. வழக்கம்போலத் தலையாட்டிப்போட்டு வராதேங்கோ," என்றாள்.

"ஓம், கதைக்கிறன்."

கடை சிறியது. நீளமாய் ஒரு இரும்புத்தட்டு, அதன் முன்னால் உயரமான நாற்காலிகள். சமைக்க வருகிறவர் முதலில் சாப்பிட வேண்டும் என்று முதலாளியம்மா என்னை உட்காரச் சொன்னாள். அவளுடைய இத்தாலியப் பேச்சும் என்னுடையதைப் போலவே நொண்டியது. அது எனக்குத் தெம்பாக இருந்தது.

ஹிரோஷிமாப் பக்கத்து ஒகொனொமியாகியாம். தோசையைவிட மெல்லியதாய் மாவை வார்த்து, மேலே கோவாவை, அதுதான் முட்டைக்கோசை, சீவிக் குவித்து, பன்றி இறைச்சியைப் பரப்பிக் கவிழ்த்தாள். கோவா தன் ஆவியிலேயே அடங்கும்வரை அதைத் தொடவில்லை. பிறகு வதக்கிய நூடில்ஸின் மேல் அதை ஏற்றி, பக்கத்தில் முட்டையை உடைத்துப் பரப்பி, எல்லாவற்றையும் அதன்மேல் வைத்து ஒரே திருப்பாகத் திருப்பினாள். கறுப்பு சோஸ் பூசி, மரச்சீவல் மாதிரி எதையோ தூவினாள். மணம் பிடித்ததும் தெரிந்துவிட்டது. நம்முடைய மாசிக்கருவாடேதான், மெல்லியதாய்ச் சீவியிருந்தார்கள்.

வெட்டிச் சாப்பிட ஒரு சின்ன இரும்புத் தகடு தந்தாள். பக்கத்தில் கிடந்த இன்னொன்றை நானாகவே எடுத்துக்கொண்டேன்.

சூடான தட்டு, இரண்டு கையிலும் தகடு. கை என்னைக் கேட்காமலே கொத்தத் தொடங்கிவிட்டது. டக்கு டக்கென்று பழைய தாளத்தில் கொத்தி, புரட்டி, அழகாய்க் குவித்தும் வைத்தேன். நிமிர்ந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது. பொறுமையாய் அவள் அடுக்கிய அவ்வளவும் கொத்துரொட்டியாகிக் கிடந்தது.

"நன்றி, பிறகு அறிவிக்கிறோம்," என்றாள்.

இந்த ஊரில் வேலை கேட்டு அலைந்த எவருக்கும் அந்த வசனத்தின் அர்த்தம் தெரியும். வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் நான் எழும்பவில்லை. கொத்தியதை முழுக்கத் தின்றுவிட்டு, இன்னொன்று செய்து தரச் சொல்லிக் கேட்டேன்.

மறுபடி மாவை வார்த்துச் செய்து தந்தாள். இந்த முறை ஒற்றைத் தகட்டால் ஓரத்திலிருந்து சின்னத் துண்டுகளாய் வெட்டினேன். முதலில் முட்டை, பிறகு மொறுமொறுத்த நூடில்ஸ், இறைச்சி, அடியில் இனிப்பேறிய கோவா என்று ஒவ்வொன்றாய் வாய்க்குள் வந்தது. கொத்தியதில் எல்லாம் ஒரே ருசியாக இருந்தது. எதைப் பாழாக்கினேன் என்று அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் சாப்பிடச் சந்தோஷமாக இருந்தது.

அவளும் கொஞ்சம் இளகினாள். "உங்களுக்கு வெட்ட நன்றாக வருகிறது. பின்னால் குசினியில் கோவா வெட்ட வரலாம்."

என் தலை தானாக ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன்.

"இல்லை, சின்யோரா. தட்டுக்குப் பின்னால் நின்று சமைக்கத்தான் வந்தேன். ஒருமுறை செய்ய விடுங்கள்."

அவள் விலகி இடம் விட்டாள். மாவு வார்த்தேன், கோவா குவித்தேன், அது அடங்கும்வரை காத்திருந்தேன். கை கொத்துவதற்குத் துடித்தது. கடைசித் திருப்பில் ஒரு பக்கம் கிழிந்து கோவா தட்டெல்லாம் சிதறியது. எல்லாம் போச்சுது என்று நினைத்தேன். அவள் சிதறியதைத் தகட்டால் ஒதுக்கிச் சேர்த்து, என் பக்கமாகத் தள்ளினாள்.

"எங்கள் கடையில் உடைத்தவர்தான் சாப்பிட வேண்டும். இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் அதுதான் சட்டம். நாளைக்கு உடையாமல் திருப்புங்கள்."

ஏற்கெனவே இரண்டு தின்றதில் தொண்டைவரை சாப்பாடு நின்றது. ஆனாலும் அந்த மூன்றாவதை, தட்டுக்குப் பின்னால், சமைக்கிறவர் பக்கம் நின்றபடியே, கடைசித் துண்டுவரை சாப்பிட்டேன்.