மரம் முழுசா வரணும்

அன்றைக்கு ரப்பர் தோட்டத்துப் பால்மரக் காட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். அம்மா, ஈப்போவிலிருந்து கேமராவோடு வந்திருந்த மாமா, தன் சேலையை அம்மாவுக்கு இரவல் கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா, பிறகு நான். அப்பா வரவில்லை. "மரத்துக்கு ஐசி எடுக்கப் போறியா மச்சான்?" என்று மாமாவிடம் கேட்டுவிட்டு, பால்வெட்டுக் கத்தியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஐசி என்கிற அடையாள அட்டை அப்பாவிடம் நீல நிறத்தில் இருந்தது, குடிமக்களுக்கு உரியது. அம்மாவிடம் இருந்தது சிவப்பு. சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்வதற்குத் தனியாகப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அம்மா நான்கு வயதில் கப்பலில் வந்தவள். அதற்குப் பிறகு எங்கும் போனதில்லை. போகவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஈப்போ ஆபீசில் கேட்டார்கள். தோட்டம் கைமாறியபோது பழைய பதிவேடுகள் எங்கோ போய்விட்டன. ஒரு வருடத்துக்குத் தற்காலிகமாக ஒரு தாளைக் கொடுத்து, அடுத்த முறை ஆதாரத்தோடு வரச் சொன்னார்கள்.

ஆதாரத்தைக் கண்டுபிடித்தது மாமா. அம்மாவின் தம்பி. ஈப்போவில் ஒரு பட்டறையில் வேலை செய்தார். படக்கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அவருடைய யோசனை இதுதான்: அம்மா பால் வெட்டும் நிரையில் முதல் மூன்று மரங்கள். இலை அடர்ந்திருக்கும்போது ஒரு படம், காய் வெடிக்கும்போது ஒன்று, இலை கொட்டியதும் ஒன்று, தளிர் விட்டதும் ஒன்று. எல்லாவற்றிலும் அம்மா நிற்க வேண்டும். கப்பலேறிப் போனவள் வருடம் முழுக்க எப்படி அந்த மரத்தடியில் நிற்க முடியும்?

"ஆபீசர் ஒண்ணும் பேச முடியாது லா" என்றார் மாமா.

முதல் இரண்டு படங்களும் எடுத்தாயிற்று. இலை கொட்டும் மாதம் வந்தது. மற்றவர்களுக்கு அது பால் குறைந்து சம்பளம் இறங்கும் மாதம். எனக்கு வேறு கவலை. மாமா வருவதற்குள் மரங்கள் தளிர்த்துவிட்டால்? பள்ளிக்கூடம் விட்டதும் நேரே காட்டுக்குப் போய் அண்ணாந்து பார்ப்பேன். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்குப் பாடம் எதுவும் நினைவில்லை; அந்த மூன்று மரங்களின் கிளைகளை இன்றைக்கும் வரைந்து காட்டுவேன்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் லயத்தில் கடைசி வீட்டுக்காரர்கள் பெர்மிட் கிடைக்காமல் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன கோழி எங்கள் வீட்டுக்கு வந்து முட்டையிட ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு முட்டையும் எனக்கு ஒரு செய்தி மாதிரி இருந்தது. எல்லாரும் அதைப் பொரித்துச் சாப்பிட்டார்கள்.

மாமா வந்த அன்று மூன்றாவது மரத்தின் உச்சியில் தளிரின் செம்புநிறம் கண்டிருந்தது. நான் அழுதேன். "அது கொஞ்சம் அவசரப்பட்டுருச்சு, விடு லா" என்றார் மாமா.

பக்கத்து வீட்டு அக்காதான் சேலை விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். எல்லாப் படத்திலும் ஒரே சேலை என்றால் ஒரே நாளில் எடுத்தது என்று சொல்லிவிடுவார்களாம். தன்னுடைய மஞ்சள் சேலையை அம்மாவுக்குக் கட்டிவிட்டு, கசங்காமல் நிற்கும்படி தூரத்திலிருந்தே அதட்டிக்கொண்டிருந்தார்.

மாமா கேமராவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். உச்சிக் கிளை வரவில்லை. இன்னும் பின்னால் போனார். கால்வாயைத் தாண்டினார்.

"டேய் தம்பி, அங்கேருந்து நான் தெரியுறனா?"

"மரம் முழுசா வரணும்க்கா. நீ அசையாம நில்லு."

தளிர் விட்டதும் நான்காவது படமும் எடுத்து, சுருளைக் கழுவி, ஆபீசுக்குப் போனோம். அம்மா, மாமா, நான். ஆபீசர் வயதான மலாய்க்காரர். நல்ல மனிதர். நான்கு படங்களையும் மேசையில் வரிசையாக வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு, "போக்கோ அடா. ஓராங் மானா?" என்றார். மரம் இருக்கிறது, ஆள் எங்கே?

மாமா விரலை வைத்துக் காட்டினார். அந்த விரல்நுனிக்கு அடியில் அம்மா, மஞ்சள் சேலையோடு முழுசாக மூடிப்போனாள். மேசைக்கு இந்தப் பக்கம் நிஜ அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

முகம் தெரிகிற மாதிரி கொண்டுவரச் சொன்னார் ஆபீசர், இல்லையென்றால் அவளை வெகுகாலமாக அறிந்த ஒரு சாட்சியையாவது. இரண்டு வாரம் தவணை.

மாமா எங்களை நேரே படக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். தவுக்கே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மூன்று படங்களில் நிழல் விழுந்து முகமே இல்லை. இலை கொட்டிய படத்தில் மட்டும் மேலே ஒன்றும் இல்லாததால் வெயில் நேராக அம்மா முகத்தில் இறங்கியிருந்தது. அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கித் தரலாம், பன்னிரண்டு வெள்ளி ஆகும் என்றார். மாமா பையைத் துழாவி ஐந்து வெள்ளி முன்பணம் கொடுத்தார்.

பஸ்ஸில் அம்மா படங்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். "இதுல நான் எங்கடி இருக்கேன்?" என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

படம் வருவதற்குள் அப்பா முந்திக்கொண்டார். ஒருவருக்கும் சொல்லாமல் சிம்பாங் பூலாய்க்குப் போய், வேலையை விட்டு ஒதுங்கியிருந்த தோட்டத்தில் பேரேடு எழுதிய பழைய கிராணியைத் தேடிப் பிடித்து, ஆபீசுக்கே அழைத்து வந்துவிட்டார். சின்னப் பிள்ளையிலிருந்து இவளைத் தெரியும் என்று கிராணி சொன்னார். முத்திரை விழுந்தது.

மாமாவுக்கு முகம் தொங்கிப்போனது. மீதிப் பணத்தைக் கட்டிப் படத்தை எடுத்து வருகிறேன் என்றார். சம்பளம் பாதியாக இறங்கியிருந்த நேரம். அம்மா அவரைத் தடுத்துவிட்டாள்.

"காரியந்தான் முடிஞ்சிருச்சே தம்பி. என் மூஞ்சிய நானே காசு குடுத்துப் பாக்கணுமா?"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். எனக்கு வேண்டியது அம்மா. அவள்தான் அடுப்படியில் இருக்கிறாளே, இனி எங்கும் போகமாட்டாளே என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். அம்மாக்கள் கப்பலில் மட்டும்தான் போவார்கள் என்பது அந்த வயதில் என் கணக்கு.

எண்பதுகளில் மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை வைத்தார்கள். அதற்கு முந்தைய வருடமே அம்மா இல்லை. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அதிலிருந்த முகமும் அதோடு போயிற்று. நான்கு படங்களும் என்னிடம் இருக்கின்றன. மூன்று மரங்களும் அப்படியே தெளிவாக இருக்கின்றன. அம்மாவின் முகம் மட்டும் ஈப்போவில், அந்தப் படக்கடையில் தங்கிவிட்டது. பாக்கி ஏழு வெள்ளி.