பிழைகள்: பூஜ்யம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் அந்த வகுப்பு நடந்தது. இணையப் பக்கம் வடிவமைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கணினிகள் ஒன்பது, மின்விசிறிகள் இரண்டு, அதில் ஓடுவது ஒன்று. என்னை விட்டால் மூத்தவர் ஆசிரியைதான்; அவருக்கு நாற்பது இருக்கும். எனக்கு எழுபத்து மூன்று.

திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பதினான்கு கருவிப் படங்கள் உண்டு. எழுத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. சுட்டியால் பிடித்து இழுத்து நடுவில் விட்டால் பக்கம் உருவாகிவிடும். நிரல் எதுவும் எழுத வேண்டாம். என் தொல்லை, நேராகப் பார்த்தால் அந்த இடது ஓரமே எனக்குத் தெரிவதில்லை. கண்ணில் நீர் அழுத்தம். பக்கப் பார்வை இரண்டு கண்ணிலும் போய்விட்டது, நடுவில் மிஞ்சியிருப்பது எவ்வளவு காலம் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஒரு வருடமா என்று கேட்டேன். சொட்டு மருந்தை மறக்காமல் போடுங்கள் என்றார்.

என்னிடம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் இருந்தன. என் மனைவி படுக்கையில் கிடந்த கடைசி வருடங்களில் பேசியவை. அவள் பேசப் பேச நான் தட்டச்சு செய்தேன். குரலைப் பதிவு செய்ய அவள் விடவில்லை. "இருமலத்தான் புடிச்சி வைப்பீங்க, வேணாம்" என்றாள். ஆகவே அவள் பேச்சாக இந்த உலகத்தில் இருப்பது என் எழுத்து மட்டும்தான். கண் போய்விட்டால் அதை நான் எப்படிப் படிப்பேன்?

வழி காட்டியது சிதம்பரத்தில் இருக்கும் மச்சான், அவளுடைய தம்பி. சர்க்கரையால் அவருக்கு ஆறு வருடம் முன்பே பார்வை போய்விட்டது. கைபேசி திரையில் இருப்பதைச் சொல்லச் சொல்ல, பத்திரிகை முழுவதும் காதாலேயே படித்துவிடுவார். "எல்லாத்தையும் ஒரு வெப்சைட்டா போடுங்க மாமா. அக்கா பேசுனத நானும் கேக்கறேன், நாளைக்கி நீங்களும் கேக்கலாம்" என்றார். அதற்காகத்தான் மாடி ஏறினேன்.

ஆசிரியை கண்டிப்பானவர். தலைப்பு என்றால் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் போதாது, தலைப்பு என்றே குறிக்க வேண்டும். அப்போதுதான் கேட்பவர் தலைப்புவிட்டுத் தலைப்புத் தாவ முடியும். ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன படம் என்று ஒரு வரி எழுத வேண்டும். வெளிர் நிறத்தின் மேல் வெளிர் நிறத்தில் எழுதக் கூடாது. கடைசியில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பக்கம் இந்த விதிகளுக்கெல்லாம் பொருந்துகிறதா என்று அதுவே சோதித்துச் சொல்லும்.

என் முதல் சோதனையில் அறுபத்தோரு பிழைகள். அடுத்ததில் முப்பத்து நான்கு. பிறகு ஒன்பது. ஒருநாள் மதியம், "பிழைகள்: 0" என்று பச்சையில் வந்தது. மூன்று முறை அழுத்திப் பார்த்தேன், பூஜ்யம்தான். ஆசிரியை மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மறுநாள் காலையே சிதம்பரம் பேருந்தில் ஏறினேன். மச்சான் தெற்கு வீதி வீட்டு முன்னறையில் தயாராக உட்கார்ந்திருந்தார். முகவரியை அனுப்பினேன். அவர் விரலால் தடவித் திறந்தார். முதல் பக்கத்தின் முதல் சொல் 'அம்மா'.

கைபேசி சொன்னது: "எம் கே செமிகோலன் கே எச்."

மச்சான் தலையைச் சாய்த்து இன்னொரு முறை கேட்டார். அடுத்த வரிக்குப் போனார். அங்கேயும் எழுத்து எழுத்தாக இங்கிலீஷ்தான், நடுநடுவே செமிகோலன்.

"எங்க அக்கா எப்ப மாமா இங்கிலீஷ் கத்துகிச்சி?"

நான் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். திரையில் அழகான தமிழ். அம்மா என்றுதான் இருந்தது.

"எனக்கு நல்லா தெரியுதே மச்சான்."

"உங்களுக்குத் தெரியும். எனக்கு?"

அங்கிருந்தே ஆசிரியையை அழைத்தேன். "எந்த ஃபான்ட்ல அடிச்சீங்க சார்?" என்று கேட்டார். அலுவலகத்தில் பழகிய பழைய தமிழ் எழுத்துருவில்தான் அடித்தேன். நான் அடித்தது 'அ' அல்ல, 'எம்'. அந்த எம்முக்கு 'அ' வேஷம் போட்டுக் காட்டுவதுதான் அந்த எழுத்துருவின் வேலை. கண் ஏமாறும், காது ஏமாறாது. புள்ளி வைத்த இடமெல்லாம் உள்ளே செமிகோலன்தான் இருந்தது. சோதனைப் பொத்தானுக்குத் தமிழ் தெரியாது. ஏதோ எழுத்து இருக்கிறது என்று பார்த்துப் பூஜ்யம் போட்டுவிட்டது.

"நானும் கவனிக்கல சார். மாத்தறதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு" என்றார்.

இருந்தது. ஆனால் நான் கணினி மாற்றும்போதெல்லாம் எழுத்துருவும் மாற்றியிருந்தேன், மொத்தம் மூன்று. ஒன்று ஒழுங்காக மாறியது, நாற்பத்தெட்டுப் பக்கம். மற்ற இரண்டிலும் கொம்புகள் எழுத்தை விட்டு விலகித் தனியாக நின்றன, 'ண'வும் 'ன'வும் இடம் மாறின, சில வரிகள் கட்டம் கட்டமாகப் போயின. நூற்று அறுபத்து நான்கு பக்கங்களைப் பழைய கோப்பைப் பார்த்துப் பார்த்துப் புதிதாக அடிக்க வேண்டும். ஆளை வைத்து அடிக்கலாமே என்றார் ஆசிரியை. அவள் 'வுடுங்க' என்றதை 'விடுங்கள்' என்று திருத்தாத ஆளுக்கு நான் எங்கே போவேன்?

முழுப் பக்கமும் தெரிந்த கண்ணுக்கு இப்போது பாதி வரி தெரிகிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு தடவைக்கு நான்கு சொல். நாளுக்கு ஒரு பக்கம் முடிந்தால் பெரிது. பிற்பகலில் நடுவிலேயே மங்கல் விழுகிறது. வராண்டாவில் உட்கார்ந்து சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு, நாற்பத்தெட்டைத் திருப்பித் திருப்பி எண்ணுவேன். எண்ணிக்கை ஏறவே ஏறாது.

பதினேழு பக்கம் அடித்ததும் மறுபடி சிதம்பரம் போனேன். சின்ன வயதில் குமராட்சியில் வெள்ளம் வந்தபோது அக்காவும் தம்பியும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கிய பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். கைபேசி ஒரே சீரான பெண் குரலில் தமிழில் படித்தது. "இடுப்பளவு தண்ணி என் தம்பிய முதுகுல தூக்கிட்டுப் போறேன் அவன் ஒரு கோழியக் கட்டிப்புடிச்சிகிட்டு வுடவே மாட்டேங்கறான் எனக்குக் கழுத்தெல்லாம் கோழி எச்சம்."

மச்சான் உடம்பு குலுங்கச் சிரித்தார். "முட்ட வுடுற கோழி மாமா அது." பிறகு சிரிப்பு நின்றது. திரும்பப் படிக்கவிட்டார். இன்னொரு முறையும் விட்டார்.

"நல்லா இருக்கா மச்சான்?"

"அக்கா மாதிரி இல்ல."

"மெஷின் கொரல் அப்படித்தான் இருக்கும்."

"கொரல சொல்லல மாமா. தண்ணின்னு சொன்னதும் அக்கா மூச்சு வாங்கும். போறேன்னு சொல்லிட்டு நிறுத்தி நம்ம மூஞ்சியப் பாக்கும். இது நிக்காம ஓடுது."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். அவள் வேகத்துக்கு ஈடு கொடுத்து அடித்த அவசரத்தில் நான் எங்கேயும் காற்புள்ளி வைக்கவில்லை. படிக்கும்போது நானே நிறுத்திப் படித்துக்கொண்டிருந்தேன். அது எழுத்தில் இல்லை என்பதே எனக்குத் தெரியாது. அவள் எங்கே நிறுத்தினாள் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் அவரும்.

"அந்த நாப்பத்தெட்டுலயும் கமா இருக்காதுல்ல?" என்றார் மச்சான்.

"இருக்காது."

ஆக மறுபடி இருநூற்றுப் பன்னிரண்டு.

"மெதுவா படிங்க மாமா. எங்கன்னு நான் சொல்றேன்."

கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்து, நான்கு நான்கு சொல்லாக நகர்த்திப் படித்தேன். இடுப்பளவு தண்ணி.

"இங்க" என்றார். காற்புள்ளி வைத்தேன்.