விளக்கு மங்காத அறை

"நோயாளிக்கு வழக்கமான முறையில் பத்து நிமிடம் கதிர் செலுத்தப்பட்டது." இப்படி ஒரு வாக்கியம் வந்தால் அந்த ஆய்வுக் கட்டுரையை அதற்கு மேல் நான் படிப்பதில்லை. கதிர் ஆராய்ச்சி வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகும் சில இளம் விஞ்ஞானிகள், அச்சுக்கு அனுப்புமுன் தங்கள் கட்டுரைகளை என்னிடம் காட்டுகிறார்கள். காட்டியதற்காகப் பிறகு வருந்துகிறார்கள். என்ன மின்னழுத்தம், எவ்வளவு தூரம், கதிரை வடிகட்ட நடுவில் என்ன தகடு, எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிடுவேன். "இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார்" என்பார்கள். அந்த எல்லாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

யுத்த காலம் அது. பட்டப்படிப்பு முடித்த கையோடு, பூந்தமல்லிக்கும் கரையான்சாவடிக்கும் நடுவே இருந்த சின்ன மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே கருவியை இயக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கருவி நல்ல கருவி. பின்புறக் கொட்டகையிலிருந்து அதற்கு மின்சாரம் கொடுத்த ஆயில் எஞ்சின்தான் நித்திய நோயாளி. நல்ல எண்ணெய் எல்லாம் ஆவடிப் பக்கம் ஓடிய ராணுவ லாரிகளுக்குப் போயிற்று. எங்களுக்கு வந்தது அடிவண்டல். கருவியை முடுக்கியதும் எஞ்சின் திணறும். அறையில் தொங்கும் பல்பு மங்கிச் சிவந்துவிடும். நாளடைவில் அதையே அடையாளமாக வைத்துக்கொண்டோம். "விளக்கு மங்கினதும் அசையாமல் இரு. பழையபடி எரிந்ததும் எழுந்திரு." ஒவ்வொரு நோயாளிக்கும் இதுதான் எங்கள் உபதேசம்.

எங்கள் டாக்டர் கழுத்துக் கழலைகளுக்குக் கதிர் கொடுத்துவந்தார். கரைந்தன. கழலை கரைந்தவர்களில் ஒருத்தி கரையான்சாவடிப் பூக்காரி. கட்டிலில் படுத்துக்கொண்டே கருவியைத் திட்டுவாள்.

"இன்னா நைனா, உன் மெசினு என் மாமியா மாரியே உறுமுது. ஆனா கடிக்க மாட்டேங்குதே!"

அது கடிக்காததற்குக் காரணம் இருந்தது. அப்போது எங்களில் எவருக்கும் அது தெரியாது.

டாக்டர் கட்டுரை எழுதினார். கருவியின் வகை, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை எந்தக் குறியில் வைத்தோம், எத்தனை நிமிடம், எத்தனை முறை, எல்லாம் அதில் இருந்தன. மற்றவை "வழக்கமான முறையில்" என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கின. கட்டுரை அச்சாகி வந்த நாளில் ஆளுக்கொரு லட்டு கிடைத்தது. பட்டணத்துப் பெரிய மருத்துவமனை ஒன்று அதைப் பார்த்து அதே சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் டாக்டரின் நடையே மாறியது.

பூக்காரிக்குப் பட்டணத்தில் ஒரு தங்கை. தெருத் தெருவாகப் பூக்கூடையோடு கூவி விற்பவள். அவளுக்கும் கழுத்தில் அதே கழலை. இங்கே அழைத்துவரட்டுமா என்று அக்காள் கேட்டபோது டாக்டர் சிரித்தார்.

"எதற்கு அலைய வேண்டும்? அங்கேயும் இதே வைத்தியம்தான். என்னைப் பார்த்துத்தான் செய்கிறார்கள்."

மழை தொடங்கும் சமயம் அக்காள் மறுபடி வந்தாள். கூடை இல்லை. என்னை நைனா என்று அழைக்கவும் இல்லை. நேரே டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"அவ கழுத்தெல்லாம் வெந்து கீதுய்யா. தோலு உரியுது. கொரலே வரல. கூவி விக்கிறவளுக்கு கொரலு போனா இன்னாய்யா கீது?"

"கூடுதல் நேரம் வைத்துவிட்டார்கள்" என்றார் டாக்டர்.

"இல்லிய்யா. இங்க எனுக்கு எவ்ளோ நேரமோ, அங்கயும் அதே நேரந்தான். கடியாரத்தப் பாத்துகினே நின்னாங்களாம். அப்பால அவ மட்டும் ஏன்யா வெந்தா?"

அவளே தொடர்ந்தாள்.

"பாவி நான் வேற, வெளக்கு மங்கனா ஆடாம இருடின்னு சொல்லி அனுப்பனேன். அங்க வெளக்கு மங்கவே இல்லியாம். இன்னும் ஆரம்பிக்கலன்னு நெனச்சுகினே படுத்திருந்தாளாம். ஒவ்வொரு தபாவும்."

டாக்டர் எழுந்து எக்ஸ்ரே அறைக்குள் போனார். வெறும் கட்டிலின் மேல் கருவியை இயக்கச் சொன்னார். இயக்கினேன். பல்பு மங்கிச் சிவந்தது. அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தினமும் பார்த்த மங்கல்தான். பட்டணத்து மின்சாரம் திணறாது. அங்கே அந்தத் திருகு சொன்னது சொன்னபடி நடக்கும். இங்கே எஞ்சின் பாதி வழியில் கைவிட்டதால் மெலிந்துபோன கதிரைத்தான் நாங்கள் சிகிச்சை என்று அச்சிட்டிருந்தோம். வெளியே வந்த கதிரை அளக்க எங்களிடம் கருவி கிடையாது. அது இல்லை என்பதையாவது எழுதியிருக்கலாம்.

மறுநாளே டாக்டர் பட்டணம் போய் அந்தச் சிகிச்சையை நிறுத்தவைத்தார். அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை என்றார் திரும்பி வந்து. கட்டுரையில் இருந்ததை அவர்கள் ஒரு எழுத்து பிசகாமல் செய்திருந்தார்கள். நடந்ததை முழுக்க எழுதிப் பத்திரிகைக்கும் அனுப்பினார். இட நெருக்கடியாம். மின்சார வசதி இடத்துக்கு இடம் மாறுபடலாம் என்ற அளவுக்குச் சுருக்கி, கடைசிப் பக்கத்தில் கைக்கடிகார விளம்பரத்துக்குக் கீழே போட்டார்கள். முதல் கட்டுரையை எடுத்துக்காட்டியவர்களைப் பிற்பாடு நிறையப் பார்த்தேன். அந்தத் துணுக்கைப் படித்த ஒருவரை இதுவரை பார்த்ததில்லை.

தங்கை அக்காள் வீட்டுக்கே வந்துவிட்டாள். டாக்டர் வாரந்தோறும் அவள் கழுத்துக்கு மருந்து போட்டார். புண் ஆறியது. தோல் மட்டும் பளபளவென்று, இஸ்திரி போட்ட துணிபோல ஆகிவிட்டது.

"கொரலு எப்பய்யா வரும்?" என்று அக்காள் ஒவ்வொரு வாரமும் கேட்டாள்.

"வரலாம்" என்றார் டாக்டர். சில வாரங்களுக்குப் பிறகு, அவள் கேட்டதும் கைகழுவப் போய்விடுவார். அவளும் கேட்பதை நிறுத்தினாள்.

காலையில் நான் மருத்துவமனைக்கு நடந்துவரும்போது ட்ரங்க் ரோட்டில் இரண்டு பேரும் எதிரே வருவார்கள். கூடை தங்கையின் தலையில். "மல்லீ..." என்று அக்காள் கூவுவாள். தங்கையின் வாயும் அதே நேரம் திறக்கும், அதே நீளத்துக்குத் திறந்திருக்கும், சேர்ந்தே மூடும். கழுத்து நரம்பு புடைத்திருக்கும். என்னைக் கடந்துபோன பிறகும் எனக்குக் கேட்டது ஒரு குரல்தான்.

இப்போதும் யாராவது கட்டுரையைக் கொண்டுவந்து, வழக்கமான முறைதான் சார் என்று சொல்லும்போது, நான் அவருடைய வாயைப் பார்க்காமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.