இரண்டு பக்கத்து ஜன்னலும்

புது ஹெட்செட் வந்த அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கண்ணை மூடினாற்போல முகத்தில் மாட்டினால், உள்ளே இருக்கும் திரையில் விமானி இருக்கையில் உட்கார்ந்ததுபோலவே இருக்கும். தலையைத் திருப்பினால் ஜன்னல், குனிந்தால் மீட்டர்கள். பழையதைவிட இதில் பக்கவாட்டில் நிறையத் தெரியும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எனக்கோ பழையதில் தெரிந்த அளவேதான் தெரிந்தது. ஃபோன் போட்டு, பாலக்கோட்டுக்காரன் என்றால் இளிச்சவாயனா என்று கத்தினேன். மறுபேச்சில்லாமல் வேறு ஒன்று அனுப்பினார்கள். அதுவும் அப்படியே.

நான் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருப்பவன். நிஜ விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு, கம்ப்யூட்டரில் சேலத்து ஓடுபாதையிலிருந்து கிளம்பி, தொப்பூர் கணவாயைத் தாண்டி, வத்தல்மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவேன். சிரிக்காதீர்கள். அந்த ஒரு மத்தியானத்துக்காகத்தான் வாரம் முழுக்கக் குழாய் விற்றேன்.

கொஞ்ச நாளாக இறங்குவதுதான் தகராறாக இருந்தது. இறங்குவதற்கு முன் ஓடுபாதையை இடது பக்கம் வைத்துக்கொண்டு அதற்கு இணையாகப் பறக்கவேண்டும். அது றெக்கைக்குப் பின்னால் போனதும் திரும்பவேண்டும். எனக்கு ஒவ்வொரு தடவையும் ஓடுபாதை காணாமல் போனது. ஹெட்செட்டின் விளிம்புதான் மறைக்கிறது என்று, முகத்தில் படும் மெத்தையைக் கழற்றி மெல்லியதாக ஒன்று வாங்கிப் போட்டேன். இதை மாட்டுகிற எவனும் அதைத்தான் செய்வான். ஓரம் தெரியவில்லையென்றால் பெட்டியைத் திட்டுவான், கண்ணைச் சந்தேகப்படமாட்டான்.

மண்டி வாசலில் தக்காளி ஏற்றி வந்த வண்டியில் இடித்துக்கொண்டேன். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்று டிரைவர் கேட்டார். வீட்டில் மனைவி பக்கத்திலிருந்து நீட்டிய காப்பி டம்ளரைத் தட்டிவிட்டு, பூனை மாதிரி வந்து நிற்கிறாயே என்று அவளைத்தான் வைதேன்.

இரண்டாவது ஹெட்செட்டையும் திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியில் வைக்கும்போது, அது போவதற்குள் தானும் ஒரு தடவை பார்த்துவிடுவதாக மனைவி சொன்னாள். அதுவரை அவள் அதைத் தொட்டதே இல்லை. மாட்டிவிட்டு, நேராகப் பார்த்தால் என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கத்து ஜன்னலும் தெரியுதுங்க."

"தலையத் திருப்பாத. நேராப் பாரு."

"திருப்பலைங்களே."

நேராகப் பார்த்தால் எனக்கு ஒரு பக்கத்து ஜன்னலும் தெரிந்ததில்லை.

தர்மபுரியில் கண் டாக்டரிடம் போனோம். ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, எங்கே வெளிச்சம் மின்னினாலும் அழுத்தவேண்டும். இதில் நம்மை மிஞ்ச ஆளா? ஒன்றையும் விடாமல் அழுத்தினேன். நடுநடுவே கருவி ரொம்ப நேரம் சும்மா இருந்தது. ஓய்வு கொடுக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். அது சும்மா இருக்கவில்லை. அந்த நேரமெல்லாம் ஓரங்களில் மின்னிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு நாளாவட்டத்தில் கெட்டுப்போயிருக்கிறதாம். வலியே இல்லாமல் வந்திருக்கிறது. போனது போனதுதான், சொட்டு மருந்து விட்டு மீதியைக் காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். பைக் ஓட்டக்கூடாது என்றும் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன், சொல்ல என்ன வெட்கம். அவள் என் பக்கத்து இருக்கையில்தான் இருந்தாள். திரும்பிப் பார்த்தால்தான் தெரிந்தாள்.

ஹெட்செட்டைத் திருப்பி அனுப்பவில்லை. அதில் ஒரு குறையும் இல்லையே. போன ஞாயிற்றுக்கிழமை அவளே அதை எடுத்து மாட்டிக்கொண்டு, நீங்க சொல்லுங்க, நான் ஓட்டுறேன் என்றாள். என்னைத் தேற்றத்தான், வேறெதற்கு? நான் சொல்லச் சொல்ல, மலையைச் சுற்றிக்கொண்டு ஓடுபாதைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"ஏங்க, றெக்கைக்குப் பின்னால போயிருச்சு. இப்பத் திருப்பட்டுமா?"

எனக்கு ஒவ்வொரு தடவையும் காணாமல் போன இடம் அது. அவளுக்கு எவ்வளவு சுலபமாகத் தெரிகிறது! அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியிலிருந்து மூக்குவரை அந்தப் பெட்டிதான் இருந்தது. எனக்கு மிச்சமிருக்கிற பார்வையில் போயும் போயும் இதையா பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

"கழட்டிரும்மா," என்றேன்.

"இன்னும் எறங்கலைங்களே."

"வுழுந்தா வுழட்டும். கழட்டிட்டு இங்க பாரு."

கழற்றினாள். கன்னத்தில் மெத்தையின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. ஸ்பீக்கரில் விமானம் எங்கேயோ மோதிய சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பப் போனவளின் தாடையைப் பிடித்து என் நேருக்கு நேராக வைத்துக்கொண்டேன். தலையைத் திருப்பாமலேயே அவள் தோடு இரண்டும் தெரிந்தன. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.