ஐஸ் பெட்டியில் பன்னிரண்டு முட்டை

இன்று காலை ஆலங்குடாக் கரையில் ஒருவர் மீன் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். டேப்பைச் சர்ரென்று இழுக்கும் சத்தம் கேட்டாலே எனக்குக் கோழிக்குஞ்சு ஞாபகம் வந்துவிடும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

பெட்ரோல் வரிசையில் நிற்பதும் மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்திருப்பதுமே நாட்டுக்குத் தொழிலாக இருந்த காலம். பட்டம் கட்டிக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் வராமல் போனதால் நான் வேலை பார்த்த விடுதியையும் மூடிவிட்டார்கள். வேலையில்லாதவனுக்கு அறிவு கூடிவிடும் அல்லவா? போனில் நாலு வீடியோ பார்த்தேன், குஞ்சு பொரிக்கும் இயந்திரம் செய்வதில் நிபுணனாகிவிட்டேன்.

அந்த நேரம்தான் ராத்தாவின் கழுத்துமொட்டைக் கோழியை நாய் பிடித்தது. ராத்தா என் மூத்த சகோதரி. கணவர் மௌத்தாகி, அடக்கம் முடிந்த பிறகு அவள் வாய்விட்டுப் பேசியது அந்தக் கோழியோடுதான். அது போட்ட பன்னிரண்டு முட்டைகளே மிச்சம்.

"பக்கத்து ஊட்டுக் கோழில அடை வெப்பமா?" என்று கேட்டாள்.

"கோழிய நம்பாத ராத்தா, நான் மெசின் செஞ்சி தாறன்" என்றேன்.

மனைவியின் தம்பி நிஜாம் கடலுக்குப் போகிறவன். ஐஸ் போட்டு மீன் கொண்டுபோகும், ரிஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் செய்த பெட்டி ஒன்றைத் தந்தான். உள்ளே இரண்டு பல்ப், ஒரு வெப்பமானி, தட்டில் தண்ணீர். பெட்டியில் சூரை மீன் மணம் போகவேயில்லை. "குஞ்சு நீந்திக்கிட்டுத்தான் வரும்" என்றாள் என் மனைவி.

மின்சாரம் போகும்போதெல்லாம் மூடியைத் திறந்து, சுடுதண்ணீர்ப் போத்தல்களை முட்டைகளுக்கு நடுவே வைப்போம். ஆறினால் மறுபடி திறந்து மாற்றுவோம். வாயில் வராத வசவில்லை. பதினெட்டாம் நாள் டோர்ச் அடித்துப் பார்த்தால் பத்து முட்டைகளில் உயிர் அசைந்தது. ராத்தா அழுதுவிட்டாள்.

கடைசி மூன்று நாளும் அதிர்ஷ்டம், மின்சாரம் போகவேயில்லை. இனித் திறக்கக் கூடாது என்று வீடியோக்காரரும் சொல்லியிருந்தார். நிஜாம் ஐஸ் பெட்டிக்குச் செய்கிறபடியே தண்ணீர் வடியும் ஓட்டையை அடைத்து, மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப் ஒட்டினான். "சொட்டுச் சூடு வெளிய போகாது மச்சான்!" நான் அவன் தோளில் தட்டிக்கொடுத்தேன்.

இருபத்தோராம் நாள் டேப்பைப் பிரித்தபோது ஒரு கீச்சுச் சத்தமும் இல்லை. உடைத்துப் பார்த்தால் பத்தும் முழுக் குஞ்சுகள், ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தன. இரண்டு, ஓட்டில் சின்னத் துளைகூடப் போட்டிருந்தன.

கால்நடை வைத்தியரிடம் போனேன். "காத்துப் போக வழி வெச்சீங்களா? கடைசி நாள்லதான் அதுகளுக்கு மூச்சுக் கூட வேணும்" என்றார். அதுவரை குஞ்சுகளுக்கு மூச்சுக் கொடுத்தது, நாங்கள் திட்டித் தீர்த்த மின்வெட்டுத்தான்.

உண்மையைச் சொல்லத்தான் ராத்தாவிடம் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்ததும் தேத்தண்ணி ஊற்றி வந்தாள். "நீ என்னடா செய்வ? எல்லாம் கரண்டுக்காரனுகள் செஞ்ச வேல."

"ஓம் ராத்தா" என்று தலையாட்டினேன்.

இப்போது மின்வெட்டு இல்லை. விடுதியும் திறந்தாயிற்று. கழுத்துமொட்டைக் கோழிதான் எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. பல்ப் ஒருமுறை கண்சிமிட்டினால் போதும், ராத்தா மின்சாரக்காரர்களைப் பிடிபிடியென்று பிடிப்பாள். வெட்கமாக இருக்கும். என் பங்குக்கு நானும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.